டாக்காவிலிருந்து ஒரு தந்தி: 1971இல் அமெரிக்க வெளியுறவுக் கொள்கை குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

1971 மார்ச் மாதம் கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் நாட்டு மக்களையே கொல்லத் தொடங்கியபோது, அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தினர் கண்டதைக் கண்டபடி தங்கள் அரசுக்கு எழுதினார்கள். அந்தச் செய்திகளுக்கு வாஷிங்டனில் என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, அதன் விளைவு யார் தலையில் விடிந்தது என்பதே இந்தப் பதிவு.

டாக்கா அலுவலகத்தினரை இங்கே பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். தனியொருவரின் துணிச்சல் கதையாக இது சுருங்கிவிடக் கூடாது என்பதே காரணம். முடிவெடுத்த தலைவர்கள் வரலாற்றின் முன் பதில் சொல்ல வேண்டியவர்கள். அவர்களின் பெயர்களை மறைக்கவில்லை.

இத்தகைய கொடுமைகளுக்குப் பிறகு அரசுகள் சொல்லும் முதல் சமாதானம், தங்களுக்குச் சரியான தகவல் கிடைக்கவில்லை என்பதுதான். இந்த நிகழ்வில் அந்தச் சமாதானத்துக்கு இடமே இல்லை. நேரில் பார்த்தவர்கள் எழுதிய தகவல் சில மணி நேரத்தில் வாஷிங்டனை எட்டியது. அப்படியிருந்தும் கொள்கை அசையவில்லை. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

பின்னணி

1947இல் உருவான பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் நடுவே இந்தியா ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடந்தது. மக்கள்தொகையில் கிழக்கு பெரியது. ராணுவம், கருவூலம், அதிகாரம் எல்லாம் மேற்கில். 1970 நவம்பர் 12 இரவு வங்கக் கடலிலிருந்து எழுந்த போலா புயல் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. நிவாரணத்தில் இஸ்லாமாபாத் காட்டிய மந்தம் வங்காளிகளின் மனத்தில் ஆறாத வடுவானது. அடுத்த மாதம், டிசம்பர் 7 அன்று, நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. 300 உறுப்பினர் அவையில் அது தெளிவான பெரும்பான்மை. மேற்கில் முதலிடம் பெற்ற சுல்பிகர் அலி பூட்டோவின் கட்சிக்குக் கிடைத்தவை 81.

பிரதமர் பதவி முஜிபுக்குப் போக வேண்டும். ராணுவ ஆட்சியாளர் யாஹியா கான், மார்ச் 1 அன்று, கூடவிருந்த அவையைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார். கிழக்கு கொதித்தெழுந்தது. மார்ச் முழுவதும் ஒரு பக்கம் பேச்சுவார்த்தை நடந்தது. மறு பக்கம் மேற்கிலிருந்து படைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஜனவரி இறுதியில் இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதால் இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தானுக்கு மூடியிருந்தது. எனவே அந்த விமானங்கள் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு, கொழும்பில் எரிபொருள் நிரப்பி, டாக்காவுக்குப் பறந்தன.

அமெரிக்காவுக்கு இதில் என்ன பங்கு? 1954 முதல் பாகிஸ்தான் அதன் பனிப்போர்க் கூட்டாளி. சோவியத், சீன விரிவாக்கத்தைத் தடுப்பதற்கென்று சொல்லி டாங்குகளும் போர் விமானங்களும் கொடுக்கப்பட்டன. 1965 இந்திய–பாகிஸ்தான் போருக்குப் பின் ஆயுத விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் ஏற்கெனவே கொடுத்தவை அப்படியே இருந்தன. 1970 அக்டோபரில் தடைக்கு ஒரு விதிவிலக்கும் அறிவிக்கப்பட்டது.

இவற்றோடு, மிகச் சிலருக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு பங்கும் இருந்தது. அதைக் காலவரிசைப்படி பின்னால் சொல்கிறேன். டாக்காவில் இருந்தவர்களுக்கு அன்று அது தெரியாது. வாசகரும் சற்று நேரம் அவர்கள் இடத்தில் நின்று பார்ப்பது நல்லது.

டாக்காவில் கண்டது

மார்ச் 25 இரவு துணைத் தூதரகத் தலைவரின் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. சாலைகளில் தடுப்புகள் எழுந்ததால் விருந்தினர் சிலர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினர். மொட்டை மாடியில் நின்றவர்கள் நகரம் தீப்பற்றுவதைப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சத்தம் விடியும்வரை கேட்டது. டாக்கா பல்கலைக்கழகத்தின் விடுதிகள் தாக்கப்பட்டன. இந்து மாணவர்கள் தங்கியிருந்த ஜகந்நாத் விடுதியில் மாணவர்களும் ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். தத்துவப் பேராசிரியர் கோவிந்த சந்திர தேவ் வீட்டிலேயே கொல்லப்பட்டார். காவலர் குடியிருப்பு, பழைய நகரின் இந்துத் தெருக்கள், ஏழைகளின் குடிசைகள் எனத் தாக்குதல் பரவியது. தெருவில் ஓடிய டாங்குகளில் அமெரிக்கா கொடுத்த எம்-24 வகையும் இருந்தது.

முஜிப் கைதானார். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் ஓட்டலில் அடைக்கப்பட்டு, குறிப்பேடுகள் பறிக்கப்பட்டு, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். தொலைபேசியும் தந்தியும் துண்டிக்கப்பட்டன. டாக்காவிலிருந்து உலகத்துக்குத் திறந்திருந்த சில சன்னல்களில் ஒன்று, துணைத் தூதரகத்தின் ரேடியோக் கருவி.

ஊரடங்கு தளர்ந்த நேரங்களில் அதிகாரிகள் காரில் நகரைச் சுற்றி வந்தார்கள். பிணங்களைப் பார்த்தார்கள். எரிந்த தெருக்களைப் பார்த்தார்கள். வீட்டுப் பணியாளர் குடியிருப்புகளில் வங்காளிகள் தஞ்சம் கேட்டு வந்தபோது பல அமெரிக்கக் குடும்பங்கள் மறைத்து வைத்தன. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். யாரைத் தேடிக் கொல்கிறார்கள் என்பதை அறிய அவர்களுக்கு உளவுத் துறை தேவைப்படவில்லை. பின்வாசலைத் தட்டியவர்களே சொன்னார்கள்.

முதல் முடிவு: உள்ளதை எழுதுவது

மார்ச் 28 அன்று துணைத் தூதரகத் தலைவர் அனுப்பிய தந்தியின் தலைப்பு, ‘தேர்ந்தெடுத்த இனப்படுகொலை’ என்பது. தாங்கள் வாயடைத்துப்போன, பதறிப்போன சாட்சிகள் என்று அவர் எழுதினார். அவாமி லீக் ஆதரவாளர்களை வீடுவீடாகத் தேடிச் சென்று சுடுகிறார்கள் என்று தெரிவித்தார். வெளிப்படையாக இல்லாவிட்டாலும் தனிப்பட்ட முறையிலேனும் யாஹியாவிடம் அதிர்ச்சியைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கவனித்துப் பார்த்தால் அது மிகச் சிறிய கோரிக்கை.

மறுநாள் டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் கென்னத் கீட்டிங்கும் இதே திசையில் எழுதினார். அவர் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் செனட்டர். எனவே டாக்காவின் குரலை இளம் அதிகாரிகளின் உணர்ச்சிவேகம் என்று ஒதுக்க வழியில்லை. இஸ்லாமாபாத்திலிருந்த தூதரகமோ இது பாகிஸ்தானின் உள்விவகாரம் என்ற நிலையில் நின்றது. வாஷிங்டனிலிருந்து டாக்காவுக்கு வந்த பதில், ஏறக்குறைய மௌனம்.

ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கக் குடும்பத்தினரை வெளியேற்றத் தொடங்கினார்கள். மேற்கிலிருந்து படைவீரர்களைக் கொண்டுவந்து இறக்கிய விமானங்களே திரும்பும்போது அவர்களை ஏற்றிச் சென்றன. தங்கள் மனைவி மக்கள் அந்த இருக்கைகளில் அமர்ந்து போவதைப் பார்த்த அதிகாரிகளின் மனநிலையை ஊகிப்பது கடினமில்லை.

இரண்டாம் முடிவு: கையெழுத்திடுவது

வியட்நாம் போரினால் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து, கொள்கையில் உடன்படாத அதிகாரிகள் தங்கள் எதிர்ப்பை முறைப்படி எழுதி மேலே அனுப்ப அப்போதுதான் ஒரு வழி திறக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 6 அன்று டாக்காவிலிருந்த இருபது பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் தூதரக அதிகாரிகளோடு, உதவித் திட்டத்திலும் தகவல் பிரிவிலும் பணிபுரிந்தவர்களும் இருந்தனர்.

தந்தியின் வாசகம் கூர்மையானது. ஜனநாயகம் நசுக்கப்பட்டதை நம் அரசு கண்டிக்கத் தவறியது. அட்டூழியங்களைக் கண்டிக்கத் தவறியது. மேற்குப் பாகிஸ்தான் ஆதிக்க அரசைத் திருப்திப்படுத்தத் தன்னையே வளைத்துக்கொண்டது. இது அறத்தில் ஓட்டாண்டித்தனம். இனப்படுகொலை என்ற சொல் அளவுக்கு மீறிப் புழங்கிய சொல்தான் என்றாலும் இங்கே அது பொருந்துகிறது என்றும் எழுதினார்கள். யாஹியாவுக்கு ஜனநாயகத்தை நினைவூட்டிச் செய்தி அனுப்பியது சோவியத் நாடு என்பதையும் அதே மூச்சில் சுட்டிக்காட்டினார்கள். பனிப்போரில் ஓர் அமெரிக்க அதிகாரி தன் அரசை நோக்கிச் சொல்லக்கூடிய மிகக் கசப்பான வாக்கியம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

துணைத் தூதரகத் தலைவர் கையெழுத்திடவில்லை. அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும்வரை அது முறையாகாது என்றார். ஆனால் தந்தியை அனுப்ப அனுமதித்து, அந்தக் கருத்துகளே தன் கருத்தும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தார். அந்தக் குறிப்பில் அறத்தைவிடக் கணக்கே அதிகம் பேசியது: இந்தப் போராட்டத்தில் வங்காளிகளே வெல்வார்கள், சுதந்திர வங்காளதேசம் பிறக்கும், தோற்கப்போகிறவரை ஒருதலையாக ஆதரித்து இன்று நமக்கிருக்கும் நல்லெண்ணத்தை இழப்பது முட்டாள்தனம். எட்டு மாதங்களுக்குப் பிறகு நடந்தது வரிக்கு வரி அதுதான்.

தந்தியின் குறை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். அதே மார்ச் மாதத்தில் உருது பேசும் பிகாரிகள் வங்காளிக் கும்பல்களால் பல இடங்களில் கொல்லப்பட்டார்கள். அவர்களின் துயரத்துக்கு அந்தத் தந்தியில் இடமில்லை. ராணுவத்தின் திட்டமிட்ட படுகொலையின் அளவை இது குறைத்துவிடாது. ஆனால் சாட்சியம் முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இதையும் கேட்டாக வேண்டும்.

வாஷிங்டனின் எதிர்வினை

தந்தி வந்த அன்றே வெளியுறவுத் துறையில் தெற்காசியா குறித்துப் பணிபுரிந்த ஒன்பது அதிகாரிகள் அதை ஆதரித்து வெளியுறவு அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். ரோஜர்ஸோ தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரைத் தொலைபேசியில் அழைத்து எரிச்சலைக் கொட்டினார். தாழ்ந்த இரகசியநிலை முத்திரையோடு தந்தி பலருக்குப் போய்விட்டது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதே அவர்களின் கவலை. உடனே முத்திரை உயர்த்தப்பட்டு, தந்தி மேலும் பலருக்குப் போவது நிறுத்தப்பட்டது. டாக்காவில் நடப்பது உண்மையா என்ற கேள்வி அந்த உரையாடலை நடத்தவில்லை. கசிவைப் பற்றிய அச்சமே நடத்தியது.

ஏப்ரல் 28 தேதியிட்ட குறிப்பு ஒன்றில் கிஸ்ஸிஞ்சர் மூன்று வழிகளை நிக்சன் முன் வைத்தார்: யாஹியாவை முழுமையாக ஆதரிப்பது, விலகி நிற்பது, கிழக்குக்குத் தன்னாட்சி கிடைக்கும் ஏற்பாட்டை நோக்கி அவரை மெல்ல நகர்த்துவது. நிக்சன் மூன்றாவதை ஏற்றார். ஆனால் அதன் கீழே தன் கையாலேயே, இந்த நேரத்தில் யாஹியாவை யாரும் நெருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதினார். ‘கூடாது’ என்ற சொல்லுக்கு மூன்று அடிக்கோடுகள். நெருக்காமல் நகர்த்த முடியாது. எனவே ஏற்ற வழியும் எழுதிய அன்றே செத்துப்போனது.

தெரியாமல் இருந்த காரணம்

இனி அந்த மறைந்த பங்கு. 1969இல் உசூரி ஆற்றங்கரையில் சீனாவும் சோவியத் நாடும் துப்பாக்கிச் சண்டையிட்டன. பிளவைப் பயன்படுத்தி, சீனத் தலைநகர் பீக்கிங்கோடு (இன்றைய பெய்ஜிங்) உறவு திறக்க நிக்சன் விரும்பினார். அந்த ஆகஸ்டில் லாகூருக்குச் சென்றபோது யாஹியாவையே தூது போகச் சொன்னார். சீனப் பிரதமர் சூ என்லாயின் செய்திகள் பாகிஸ்தான் வழியாக வந்தன. அமெரிக்கத் தூதர் ஒருவரை வரவேற்கத் தயார் என்ற முக்கியச் செய்தி, பாகிஸ்தான் தூதரின் கையால் வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்த நாள் 1971 ஏப்ரல் 27. யாஹியாவை நெருக்காதே என்ற குறிப்பு இடம்பெற்ற ஆவணத்தின் தேதி மறுநாள்.

இதை நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் வெகு சிலரும் மட்டுமே அறிவார்கள். வெளியுறவுத் துறையின் அதிகாரிகளுக்குத் தெரியாது. டாக்காவுக்கு நிச்சயமாகத் தெரியாது. மேலே இருந்தவர்கள் ஒரு காரணத்தை மனத்தில் வைத்து முடிவெடுத்தார்கள். கீழே இருந்தவர்கள் அந்தக் காரணமே தெரியாமல் வாதாடினார்கள். இரு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்த நிலையில் எவ்வளவு நேர்மையான அறிக்கையும் கீழ்ப்படியாமையாகத்தான் கேட்கும். இந்த நிகழ்வில் நான் கண்ட மையமான பழுது இதுவே.

ஜூலை 9 அன்று, வயிற்றுக் கோளாறால் மலைவாசத்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டு, கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானிலிருந்து பீக்கிங்குக்குப் பறந்தார். ஜூலை 15 அன்று தொலைக்காட்சியில் நிக்சன் அதை அறிவித்தபோது உலகம் வியந்தது.

தொடர்ந்தவை

துணைத் தூதரகத் தலைவர் ஜூன் மாதம் டாக்காவிலிருந்து அகற்றப்பட்டு, வாஷிங்டனில் பணியாளர் நிர்வாகப் பிரிவில் அமர்த்தப்பட்டார். அவருடைய சக அதிகாரிகளின் சங்கம் அதே ஆண்டு அவருக்கு விருது கொடுத்தது. தூதர் பதவி கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை.

எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த அகதிகளின் எண்ணிக்கை ஆண்டிறுதிக்குள் ஒரு கோடியை நெருங்கியது. கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரிப் பகுதியில் கழிவுநீர்க் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. மழையோடு காலராவும் வந்தது. அமெரிக்கா நிவாரணப் பணம் கொடுத்தது உண்மை. அதே வேளையில், பழைய உரிமங்களின் பேரில் ராணுவப் பொருள்கள் கப்பலில் பாகிஸ்தானுக்குப் போவதை ஜூன் மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பால்டிமோர் துறைமுகத்தில் எளிய மக்கள் சிலர் சிறு படகுகளில் சென்று அப்படியொரு கப்பலை மறித்து நின்றார்கள். எஞ்சிய உரிமங்கள் ரத்தானது நவம்பரில்தான்.

சீனாவும் அமெரிக்காவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் நிற்பதைக் கண்ட இந்தியா, ஆகஸ்ட் 9 அன்று சோவியத் நாட்டோடு இருபது ஆண்டு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. சோவியத் செல்வாக்கைச் சுருக்க நினைத்த கொள்கை, அணிசேரா நாடுகளில் பெரிய ஒன்றை மாஸ்கோவின் பக்கம் தள்ளியது.

டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்கப் போர் வெடித்தது. கிஸ்ஸிஞ்சர் நியூயார்க்கில் சீனத் தூதரைச் சந்தித்து, சீனா படையை நகர்த்தினால் பிறர் தலையிடாமல் அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்று குறிப்பாகச் சொன்னார். அமெரிக்கச் சட்டம் இடம் தராது என்று தங்கள் துறையினரே எச்சரித்திருந்தும், ஜோர்டானிடமிருந்த அமெரிக்கப் போர் விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போக நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் இசைவு கொடுத்தார்கள். அணுசக்தியில் இயங்கும் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில் ஒரு படையணி வங்கக் கடலுக்குள் டிசம்பர் 15 வாக்கில் நுழைந்தது. சீனா அசையவில்லை. டாக்காவில் அதற்கு முந்தைய நாள்தான் பேராசிரியர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர்க் கைதிகளின் எண்ணிக்கை பொதுவாக 93,000 என்று சொல்லப்படுகிறது. ஒன்பது மாதங்களில் கொல்லப்பட்டோர் முப்பது லட்சம் என்பது வங்காளதேச அரசின் கணக்கு. ஆய்வாளர்கள் பலர் அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குகளும் லட்சங்களில்தான் நிற்கின்றன. அமெரிக்கா வங்காளதேசத்தை அங்கீகரித்த நாள் 1972 ஏப்ரல் 4.

எதை மாற்றியிருக்க வேண்டும்

தந்தியை உயர்ந்த இரகசியநிலையில் அனுப்பியிருந்தால் வாஷிங்டன் காதுகொடுத்திருக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அப்படி அனுப்பியிருந்தால் அது நான்கு பேரின் அலமாரிக்குள் அடங்கியிருக்கும். ஒன்பது பேரின் ஆதரவுக் கடிதமும் எழுந்திருக்காது. டாக்கா தன் பங்கில் செய்ய வேண்டியதைச் செய்தது.

மாற்றம் மேலே வேண்டியிருந்தது. சீன வாசலைத் திறப்பது பெரிய காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாசலுக்கு ஒரே சாவி யாஹியா என்று நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் நம்பியதைத்தான் மறுக்கிறேன். ருமேனியா வழியாகவும் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. சீனாவுக்கும் சோவியத் அச்சம் இருந்தது. வாஷிங்டனுக்கு இருந்த அளவுக்குப் பீக்கிங்குக்கும் இந்த உறவு தேவைப்பட்டது. யாஹியாவிடம் அடைத்த அறைக்குள் ஒரு கடுமையான சொல் சொல்லியிருந்தால் தூது முறிந்திருக்குமா என்று எவரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. எடைபோடக்கூடியவர்களுக்கு, அதாவது தெற்காசியாவை அறிந்த அதிகாரிகளுக்கு, தராசின் மறுதட்டில் இருப்பது என்னவென்றே சொல்லப்படவில்லை. குறைந்தது வெளியுறவு அமைச்சரையாவது தொடக்கத்திலேயே அந்த இரகசியத்துக்குள் சேர்த்து, டாக்காவின் அறிக்கைகளை அதனோடு பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இரகசியத்தைக் காக்க ஆள்களைக் குறைப்பது சரி. மறுத்துப் பேச ஒருவரும் மிஞ்சாத அளவுக்குக் குறைத்தது பிழை.

அடுத்தது, இதைவிடக் கனமானது. ஜூலை 15க்குப் பிறகு யாஹியாவின் தூது தேவைப்படவே இல்லை. பேச்சு பாரிஸ் வழியாக நேரடியாக நடந்தது. கொள்கைக்கு அடிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் தீர்ந்துபோன பிறகும் கொள்கை தொடர்ந்தது. நண்பனைக் கைவிடாதவர்கள் நாங்கள் என்று சீனாவுக்குக் காட்ட வேண்டும் என்ற புதுக் காரணம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. யாஹியா மீது நிக்சனுக்கு இருந்த விருப்பமும் இந்திரா காந்தி மீது இருந்த வெறுப்பும் அதற்குத் துணைநின்றன. ஒரு காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளப்பட்ட கொடுமையை, அந்தக் காரணம் தீர்ந்த அன்றே மறுபரிசீலனைக்கு எடுத்திருக்க வேண்டும். ஜூலை 16 காலை அந்தக் கூட்டம் நடந்திருக்க வேண்டும். டாக்காவின் தந்திகள் அனைத்தும் கோப்பில் இருந்தன. எல்லை கடந்திருந்த அகதிகள் அன்று ஐம்பது லட்சத்துக்கும் மேல். போர் முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.